மடைச்சாவி அரசு கையில் இருக்கும்போது

கேள்வி: கல்லிடைக்குறிச்சிக்காரன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், வயது 67. 2021 மார்ச்சில் பாரத் பெட்ரோலியம் பங்கு 500 வாங்கினேன், சுமார் 440 ரூபாய் விலை. அரசு தன் பங்கைத் தனியாருக்கு விற்கப் போகிறது, வாங்குகிறவர் ஓப்பன் ஆஃபர் போட்டு நம்மிடமும் நல்ல விலைக்கு வாங்குவார் என்றார்கள். மறு வருஷமே அந்த விற்பனையை ரத்து செய்துவிட்டார்கள். அப்புறம் பெட்ரோல் விலையை ஏற்றவிடாமல் கம்பெனியை நட்டத்தில் தள்ளினார்கள். ஆப்பில் ஒருநாள் பார்த்தால் விலை பாதியாகி நிற்கிறது. டிவிடெண்ட் ஏதோ வந்த ஞாபகம், சரியாகத் தெரியவில்லை. இந்தியன் ஆயில், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் பங்கும் ஏறக்குறைய 2 லட்சத்துக்கு இருக்கிறது. மொத்தச் சேமிப்பே 11 லட்சம்தான். காலையில் நடக்க வரும் நாலு பேர் சேர்ந்து அரசு மேல் வழக்குப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போடலாமா, இல்லை விற்றுத் தலைமுழுகலாமா?

பதில்: அண்ணாச்சி, வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் டீமேட் ஸ்டேட்மென்ட்டை, அதாவது உங்கள் பங்குக் கணக்கின் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். அதில் 500 இல்லை, 1,000 இருக்க வேண்டும். 2024 ஜூனில் பாரத் பெட்ரோலியம் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது, கையிலிருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் இன்னொரு பங்கு இலவசம். விலை பாதியானது அதனால்தான். எண்ணிக்கை இரட்டிப்பானதை நீங்கள் கவனிக்கவில்லை. சில ஆப்கள் பழைய 440-ஐயே வாங்கின விலையாகக் காட்டிப் பயமுறுத்தும். இப்போது உங்கள் அடக்க விலை பங்குக்கு 220 ரூபாய். அதை இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அழலாமா வேண்டாமா என்று முடிவு பண்ணுங்கள்.

டிவிடெண்டும் அப்படித்தான். 2020-21-க்கு இறுதி டிவிடெண்டாகப் பங்குக்கு 58 ரூபாய் கொடுத்தார்கள். 500 பங்குக்கு 29,000. வரி பிடிக்க வேண்டாம் என்று மூத்த குடிமக்கள் கொடுக்கும் 15எச் படிவத்தைக் கொடுக்காமல் இருந்தால் 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு 26,100 ரூபாய் வரவாகியிருக்கும். 2021 பாஸ்புக்கை எடுத்து, செப்டம்பருக்குப் பிந்திய வரிகளில் விரல் வைத்துத் தேடுங்கள். வங்கி இணைப்பில் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறி, பணம் திரும்பிப் போய்க் கிடக்கிற வீடுகளை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கிறேன். ஏழு வருஷம் கேட்காமல் விட்டால் அது முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் மீட்கலாம், ஆனால் அலைச்சல்.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லவில்லை. 2022 மே மாதம் விற்பனையைக் கைவிட்டார்கள். போட்டியில் கடைசியில் ஒருவர்தான் மிஞ்சினார். அந்த ஏப்ரலிலிருந்து 2024 மார்ச் வரை பம்ப் விலையைக் கம்பெனிகள் தாமாக மாற்றவே இல்லை. 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மட்டும் மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 18,480 கோடி நட்டம். அக்டோபரில் அரசு கொடுத்த 22,000 கோடி, சமையல் சிலிண்டரை அடக்கத்துக்குக் கீழே விற்ற நட்டத்துக்கு. பெட்ரோல், டீசலுக்கு ஒன்றும் கிடையாது. ஆனால் கச்சா விலை இறங்கியபோதும் பம்ப் விலையைக் குறைக்கவில்லையே? அதே மூன்று கம்பெனிகளும் 2023-24-ல் 80,000 கோடிக்கு மேல் லாபம் பார்த்தன. அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதவில்லை!

அரசு முடிவை எதிர்த்து ஒரு பங்குதாரர் ஜெயித்த வழக்கும் உண்டு. 1969-ல் 14 வங்கிகளை அரசுடைமை ஆக்கியபோது ஆர்.சி. கூப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1970-ல் பதினொரு நீதிபதிகளில் பத்துப் பேர் அவர் பக்கம் நின்றார்கள். அங்கே அரசு சொத்தையே எடுத்துக்கொண்டது, இழப்பீடு போதாது என்பது வாதம். உங்கள் பங்கை யாரும் எடுக்கவில்லை. விற்பதாக இருந்தவர் மனசு மாறினார், அவ்வளவுதான். கம்பெனிச் சட்டம் 245-ன்படி நூறு பங்குதாரர் சேர்ந்து தீர்ப்பாயம் போகலாம். அதுவும் கம்பெனி மேல், இயக்குநர்கள் மேல், தணிக்கையாளர் மேல்தான். அரசின் விலைக் கொள்கையை அங்கே கேள்வி கேட்க முடியாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளமும் டிவிடெண்ட் வரவில்லை என்பது மாதிரி புகாருக்கு. நாலு பேரும் வக்கீல் ஃபீஸை மிச்சம் பிடியுங்கள்.

நம் சீமைக்கு இது புதிதா என்ன? 1906-ல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியில் 25 ரூபாய்க்குப் பங்கு வாங்கினவர்கள், 1908-ல் அரசு அவரைச் சிறையில் போட்டதையும் 1911-ல் கம்பெனி கலைந்ததையும் பார்த்தார்கள். அது வேறு அரசு, வேறு நியாயம்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடை வயலுக்கு ஒரு விலை, கடைசியில் பாயும் கடைமடை வயலுக்கு ஒரு விலை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பொதுத்துறை எண்ணெய்ப் பங்கு கடைமடை வயல். மடைச்சாவி அரசு கையில்; தேர்தல் வந்தால் ஒரு மாதிரி திறக்கும், வராவிட்டால் வேறு மாதிரி. லாபத்தைப் பார்க்கையில் இந்தப் பங்குகள் மலிவாகத் தெரிவதற்குப் பெரிய காரணமே அதுதான். 2018 ஜனவரியில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தில் அரசு வைத்திருந்த 51.11 சதவீதத்தை அரசின் இன்னொரு கம்பெனியான ஓ.என்.ஜி.சி., பங்குக்கு 473.97 ரூபாய் கொடுத்து வாங்கியது. சிறு பங்குதாரருக்கு ஓப்பன் ஆஃபர் கிடையாது, விலக்கு வாங்கிவிட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் கழித்து அதே ஓப்பன் ஆஃபரை நம்பி நீங்கள் வாங்கினீர்கள். தப்பு நடந்தது அங்கேதான்.

11 லட்சத்தில் 4 லட்சத்துக்கு மேல் ஒரே கால்வாயின் கடைமடையில் போட்டது அதிகம். ஒரு லட்சம், மிஞ்சினால் ஒன்றேகால் போதும். ஒரே நாளில் விற்க வேண்டாம். விற்கும்போது வரி இப்படி: டீமேட்டில் முதலில் வந்த பங்குதான் முதலில் போகும். விலை 440-க்குக் கீழே இருந்தால் முதல் 500-லும் நீண்டகால நட்டம். எட்டு வருஷம் வரை மற்ற நீண்டகால லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், வருமான வரி ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டால். மேலே சொன்ன 220 உங்கள் மனக்கணக்குக்கு; வரிக் கணக்கில் போனஸ் 500-க்கு அடக்கம் பூஜ்யம், விற்ற தொகை முழுக்க லாபம். பங்குகளில் நீண்டகால லாபம் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, மேலே 12.5 சதவீதம். வரி வருஷம் ஏப்ரலில் மாறும்; அதனால் மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மீதி வைத்திருக்கிற பங்குக்கு ஓட்டுப் போடுங்கள், இ-வோட்டிங் போனிலேயே முடியும். பாரத் பெட்ரோலியத்தில் 53 சதவீதம் அரசிடம் இருக்கும்போது சாதாரணத் தீர்மானம் எதுவும் தோற்காது, தெரியும். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் பேசப் பெயர் பதிந்து, சிலிண்டரில் வர வேண்டிய பாக்கி எவ்வளவு, எப்போது வரும் என்று கேட்கலாம். நாலு பேரும் ஆளுக்கு ஒரு கேள்வி கேளுங்கள்.

பாஸ்புக்கில் அந்த 26,100 இல்லாவிட்டால், பங்கை விற்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.