சுவரில் பதித்த டைவர்ட்டர் கசிகிறது: கடை திரும்ப எடுக்குமா?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் குளியலறை கட்டுகிறோம். காரைக்குடியில் வாங்கிய டைவர்ட்டரை (தண்ணீரை ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ திருப்பிவிடும் வால்வு) பிளம்பர் காடி வெட்டிச் சுவரில் பதித்துவிட்டார். கைப்பிடி, மூடித்தட்டு மாட்டவில்லை; டைல்ஸும் ஒட்டவில்லை. தண்ணீர் திறந்தால் கசிகிறது. ‘சுவரில் ஏறிய பொருளை எடுக்க மாட்டோம்’ என்கிறார் கடைக்காரர். வாங்கிப் பத்து நாள் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பிளம்பரை அதில் இப்போது கை வைக்க விடாதீர்கள். கழற்றிவிட்டால், யார் தவறு என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

முதலில் கசிவு எங்கே என்று பாருங்கள். டைவர்ட்டரின் பித்தளை உடலை உலர்ந்த துணியால் துடைத்து, ஷவருக்கும் ஸ்பவுட்டுக்கும் (கீழ்க் குழாய்) போகும் வாய்களை என்ட் பிளக் என்ற மூடியால் அடைத்து, தண்ணீரைத் திறந்து, டிஷ்யூ பேப்பரால் ஒவ்வோர் இடமாக ஒற்றுங்கள். முதலில் நனையும் இடம்தான் கசியும் இடம். நீர் சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை வார்ப்பிலேயே நீர் வியர்த்தால் அது தயாரிப்புக் குறை; முழுப் பொருளையும் மாற்றித் தர வேண்டும். நடுத்தண்டில் கசிந்தால் கார்ட்ரிட்ஜோ (தண்ணீரைத் திறந்து மூடும், கழற்றி மாற்றக்கூடிய உள்பாகம்) அதன் ரப்பர் வளையமோதான் காரணம். புதுக் குழாயைக் கழுவிவிடாமல் மாட்டினால் மணலும் குழாய்த் துருவலும் உள்ளே போய் அதைக் கீறிவிடும். கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் போதும், சுவரை உடைக்க வேண்டியதில்லை. மரை இணைப்பில் கசிந்தால் அது பொருத்தியவர் வேலை. மரை வாயிலிருந்து நீளவாக்கில் விரிசல் ஓடினால் பெரும்பாலும் டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றி ரெஞ்சால் முறுக்கியதன் விளைவு. அதற்குக் கடைக்காரரைப் பிடித்துப் பயனில்லை.

‘உங்கள் வீட்டுப் பிரஷர் அதிகம்’ என்பார்கள். பிரஷர் பம்ப் இல்லாவிட்டால் இதை நம்பாதீர்கள். 20 அடி உயரத்தில் இருக்கும் தொட்டி தருவது சுமார் 0.6 கிலோ அழுத்தம்தான். அதைப் போலப் பல மடங்கு தாங்கத்தான் இவற்றைச் செய்கிறார்கள்.

குறை பொருளில்தான் என்றால் சட்டம் உங்கள் பக்கம். பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. குழாயில் மாட்டித் தண்ணீர் திறந்து பார்க்காமல் இந்தக் குறை தெரியாது. ஆகவே சுவரில் ஏறியது ஒரு சாக்கே. ‘கம்பெனியிடம் கேளுங்கள்’ என்றும் தள்ளிவிட முடியாது; விற்றவரும் பொறுப்பு.

இனி பில். உங்கள் கையில் இருப்பது ஜிஎஸ்டி பில்லா, வெள்ளைத்தாள் எஸ்டிமேட்டா? நம் பக்கத்தில் பிளம்பரோ கொத்தனாரோ கடைக்கு அழைத்துப் போய், கமிஷன் வாங்கிக்கொண்டு, எஸ்டிமேட்டை மட்டும் நீட்டுவது நடக்கிறது. சிக்கல் வந்தால் அவர் கடையை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார். அடுத்த வீட்டுக் கமிஷன் அங்கேதான் இருக்கிறது. பில் அவர் பெயரில் இருந்தால் இன்னும் மோசம். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். இன்றே உங்கள் பெயரில் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். செட்டிநாட்டில் பழைய வீடுகள் பல ஹோம்ஸ்டே ஆகின்றன. உங்கள் குளியலறை விருந்தினருக்காக என்றால் கதை மாறும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆக மாட்டார். தன் பிழைப்புக்காகத் தானே நடத்தும் சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு. நீங்களே ஓரிரு அறைகளை வைத்துப் பிழைத்தால் வாதாடலாம். மேனேஜர் போட்டு நடத்தினால் கடினம். பில்லில் ஹோம்ஸ்டே பெயரும் அதன் ஜிஎஸ்டி எண்ணும் ஏறியிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் காட்டும். அப்போது 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி சிவில் நீதிமன்றம்தான் வழி. வீட்டுக்கு வாங்குவதையும் ஹோம்ஸ்டேக்கு வாங்குவதையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

வீட்டுக்குத்தான் என்றால், வீடியோவையும் பில்லையும் கடைக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, மூன்று நாளுக்குள் ஆள் அனுப்பி அதே இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால் வீடியோ எடுத்தபடியே கழற்றுங்கள். மரையைத் திருகக் கூடாது; சிபிவிசி (பிளாஸ்டிக்) குழாயை மூன்று அங்குலம் தள்ளி அறுத்து, பித்தளை அடாப்டரோடு எடுக்க வேண்டும். அப்போதுதான் இணைப்பு கலையாமல் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் சுத்தியல் அடி மறுபக்கத்தையும் உதிர்த்துவிடும். கட்டிங் மெஷினால் ஓரம் வெட்டிக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். பெட்டி, அதன் லேபிள், கைப்பிடி, திருகாணி எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதிலும் முடியாவிட்டால் நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் பதியும் இ-ஜாக்ரிதி தளம் வழியாக சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நடப்பில் வாய்தா மேல் வாய்தா. ஒரு குழாய்க்காக ஒரு குடும்பத்தை இப்படி அலைக்கழிப்பது அநியாயம். அதனால் வழக்குக்கு முன்பே கடையோடு முடிக்கப் பாருங்கள். போவதானால் பொருளின் விலையோடு பிளம்பர் கூலியையும் பூச்சுச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கொத்தனாரிடம் அதற்கு எழுத்தில் கணக்கு வாங்குங்கள்.

மாற்றுப் பொருள் வந்தால், மாட்டும் முன் வெந்நீர், தண்ணீர் இரண்டு குழாய்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டுக் கழுவுங்கள். மாட்டியபின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்தி, ஈரம் இல்லையென்று பார்த்த பிறகே சிமெண்ட் வைக்க விடுங்கள்.