காலனைசேஷன் என்றால் என்ன? காலனியலிசமும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை. மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லிடம் நானே ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மருத்துவக் கையேடு ஒன்றில், நோயாளியின் மூக்கில் பாக்டீரியா 'காலனைசேஷன்' என்று இருந்தது. அகராதியைப் பார்த்து 'காலனியாதிக்கம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்த்த மருத்துவர், "கிருமி அங்கே கொடியா ஏற்றியிருக்கிறது? சும்மா குடியிருக்கிறது, அவ்வளவுதான்" என்றார். கிருமி உடலில் தங்கிப் பெருகினாலும் நோய் உண்டாக்கவில்லை என்றால் அதைத்தான் மருத்துவத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நோய் உண்டாக்கினால் அது தொற்று. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறத்தாழ 100 பேரில் 30 பேரின் மூக்கில் இப்படி இருக்கிறது. அன்றிலிருந்து இந்த இடத்தில் 'குடியேற்றம்' என்றுதான் எழுதுகிறேன்.

சொல்லின் வேரும் குடியேற்றம்தான். லத்தீனில் 'கொலோனஸ்' என்றால் உழவர். பிடித்த நிலத்தில், பெரும்பாலும் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் கொண்டுவந்து ரோமானியர்கள் அமைத்த ஊர் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். உழவு என்றதும் சாதுவாகத் தெரிகிறது, இல்லையா? அந்த நிலத்தை முன்பே உழுதுகொண்டிருந்தவர்களைப் பற்றி இந்தச் சொல் வாயே திறப்பதில்லை.

சரி, அரசியலுக்கு வருவோம். இங்கே சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது: வந்தவர்கள் தங்கினார்களா, ஆண்டார்களா? ஆஸ்திரேலியாவில் 1788 முதல் இரண்டும் நடந்தது. பழங்குடி மக்கள் நிலத்தை இழந்தார்கள். அல்ஜீரியாவிலும் அப்படியே: 1962இல் விடுதலை கிடைத்தபோது அங்கே பத்து லட்சம் ஐரோப்பியர்கள் அளவில் இருந்தார்கள். இந்தியாவில் பிரிட்டிஷார் ஆண்டார்கள், நிரந்தரமாகக் குடியேறியவர்கள் மிகக் குறைவு. அதனால் இந்தியாவைப் பற்றி எழுதும்போது 'குடியேற்றம்' என்றால் பொய்யாகிவிடும், 'காலனியாக்கம்' சரியாக இருக்கும்.

காலனியலிசம், அதாவது காலனியம், அந்த ஆதிக்கத்தை நடத்திய அமைப்பையும் அதை நியாயப்படுத்திய சிந்தனையையும் குறிக்கும். காலனியாக்கம் ஒரு நாட்டில் நடந்த செயல். காலனியத்தைக் 'குடியேற்றவாதம்' என்றும் சிலர் எழுதுகிறார்கள்; இந்தியா போன்ற நாடுகளுக்கு அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

அப்புறம் சூழலியல். ஐஸ்லாந்து அருகே 1963இல் கடலடி எரிமலை வெடித்து சுர்ட்சே என்ற தீவு உருவானது. வெறும் பாறையும் சாம்பலுமாகக் கிடந்த அதில் செடிகளும் பறவைகளும் வந்து சேர்ந்ததையும் ஆய்வாளர்கள் காலனைசேஷன் என்றே சொல்கிறார்கள். அதைத் தமிழில் எழுதினால், தாராளமாகக் 'குடியேற்றம்' போடலாம்.