பண்டைய ரோமில் எந்த வயதில் ஒருவர் "பெரியவர்" ஆனார்? ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதானா?

ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு இன்னொரு கணக்கு. இரண்டுக்கும் மேலே, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பது தனிக் கணக்கு.

பையனுக்குப் பெரும்பாலும் 14 முதல் 17 வயதுக்குள் சடங்கு நடக்கும். கழுத்தில் கிடந்த 'புல்லா' தாயத்தைக் கழற்றி வீட்டுத் தெய்வங்களுக்குப் படைத்துவிட்டு, கரை போட்ட சிறுவர் டோகாவை (உடலில் சுற்றிக்கொள்ளும் ரோமானிய மேலாடை) விட்டு வெள்ளை டோகாவுக்கு மாறுவான். மார்ச் 17, லிபெராலியா திருநாள்தான் இதற்குப் பிடித்தமான நாள்.

சரி, ஆள் பெரியவனாகிவிட்டானா? அங்கேதான் சிக்கல். அப்பா இருக்கும்வரை அவன் பெயரில் சொத்து கிடையாது. பிள்ளை குட்டியோடு 40 வயதில் கான்சல் என்ற உச்ச அரசுப் பதவியில் இருந்தாலும், சம்பாதித்தது சட்டப்படி அப்பாவுடையது. பிற்பாடு படைவீரர்களின் சம்பாத்தியத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அப்பாவைச் சீக்கிரமே இழந்தவனுக்கு நேர்மாறான தொல்லை: கையில் சொத்து இருக்கும், அனுபவம் இருக்காது. அதனால் 25 வயதுக்கு உட்பட்டவர்களை ஏமாற்றுபவர்களுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது.

பெண்ணுக்கு டோகா மாற்றும் சடங்கு இல்லை, கல்யாணம்தான் எல்லை. சட்டம் வைத்த குறைந்தபட்ச வயது 12. கல்யாணத்துக்கு முன் பொம்மைகளைத் தெய்வத்துக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்பா இறந்த பிறகும் உயில் எழுத, முக்கியமான சொத்துகளைக் கைமாற்ற ஒரு காப்பாளரின் சம்மதம் வேண்டும். அந்தப் பிடியிலிருந்து விடுபட ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் ஒரு வழி வைத்தார்: சுதந்திரமாகப் பிறந்தவள் மூன்று பிள்ளை பெற வேண்டும், விடுதலை பெற்ற அடிமைப் பெண் என்றால் நான்கு. எனக்கு இது சலுகையாகவே தெரியவில்லை. பிரசவத்தில் உயிர் போவது சர்வசாதாரணமாக இருந்த காலம் அது. புகழ்பெற்ற பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசெரோவின் மகள் துல்லியா மூன்று முறை மணமுடித்து, கி.மு. 45இல் பிரசவத்துக்குப் பின் இறந்தபோது முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தாள்.

ஒரே ஒரு விசித்திரமான விலக்கு, அடுப்புத் தெய்வமான வெஸ்டாவின் கோயில் பூசாரிணிகள். 6 முதல் 10 வயதுக்குள் தேர்ந்தெடுப்பார்கள், 30 ஆண்டு ஊழியம், அதுவரை கல்யாணம் கிடையாது. ஆனால் சேர்ந்த அன்றே அப்பாவின் அதிகாரம் போய்விடும், காப்பாளரும் தேவையில்லை. அப்பா உயிரோடு இருக்கும் செனட்டருக்கு இல்லாத சட்ட உரிமை அந்தச் சின்னப் பெண்ணுக்கு இருந்தது.