தளபதிகளும் ஆட்சியாளர்களும்: வாசகர் கேள்விகள்

ஊர் பெயர் இல்லாத கடிதங்களை இம்முறையும் ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றுக்கு வருவோம்.

சர்வாதிகாரி இராணுவத்தை வைத்துத்தானே ஆள்கிறார். பிறகு ஏன் தளபதிகளையே களையெடுக்கிறார்? (தலவாக்கலை)

அவர்களை வைத்து ஆள்வதால்தான். அவரைக் கதிரையிலிருந்து இறக்கக்கூடிய ஆட்களும் அவர்களே. ஸ்டாலினிடம் இருந்த ஐந்து மார்ஷல்களில் மூவர் 1937க்குப் பிந்திய களையெடுப்பில் ஒழிந்தார்கள். 1957 ஜூனில், ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவைக் கட்சிக்குள்ளேயே கவிழ்க்கப் பார்த்தபோது, மத்திய குழு உறுப்பினர்களை இராணுவ விமானங்களில் மொஸ்கோவுக்குக் கொண்டுவந்து அவரைக் காப்பாற்றியவர் மார்ஷல் ஷூக்கோவ். அதே ஆண்டு ஒக்டோபரில் ஷூக்கோவை வீட்டுக்கு அனுப்பினார் குருஷ்சேவ். காப்பாற்றத் தெரிந்தவருக்குக் கவிழ்க்கவும் தெரியுமே!

நம்பிக்கையான ஒருவரைத் தளபதியாக்கினால் பிரச்சினை தீராதா? (பண்டாரவளை)

சிலியில் அலெண்டே 1973 ஓகஸ்டில் பினோசேயை நியமித்தார். செப்டெம்பர் 11இல் ஆட்சியும் போனது, உயிரும் போனது. பாகிஸ்தானில் பூட்டோ, மூத்தவர்கள் பலரைத் தாண்டி ஸியாவுல் ஹக்கைத் தூக்கி வைத்தார். 1979இல் தூக்குமேடை ஏறினார். நவாஸ் ஷெரீப் 1998இல் முஷாரப்பை நியமித்தார். அடுத்த வருடமே சிறை. போதுமா?

நம் நாட்டுக்கு ஐந்து வருடம் இராணுவ ஆட்சி வேண்டும். அப்போதுதான் ஒழுக்கம் வரும். சரிதானே? (ஹட்டன்)

இல்லை. இந்தக் கடிதம் ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோல் வரிசை நீண்டால் இரண்டு மடங்காக வரும். ஐந்து வருடம் முடிந்ததும் மணியடித்து அனுப்பப்போவது யார் என்று மட்டும் ஒருவரும் எழுதுவதில்லை. 90 நாளில் தேர்தல் என்று சொல்லி வந்த ஸியா 11 வருடம் இருந்தார். அவரை இறக்கியது தேர்தல் அல்ல, விமான விபத்து.

பக்கத்திலேயே பாருங்கள். 1962இல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சிக்கு வந்தார். கடைகளை அரசுடைமையாக்கினார், 50, 100 க்யாட் தாள்களைச் செல்லாதவையாக்கினார். ஏறக்குறைய மூன்று இலட்சம் இந்திய வம்சாவளியினர், தமிழர்கள் ஏராளமாக, கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறினார்கள். 1987இல் 25, 35, 75 க்யாட் தாள்களையும் ஒரே நாளில் ஒழித்தார். ஈடாக ஒரு சதமும் இல்லை. பதிலுக்கு அச்சடித்தவை 45, 90 க்யாட் தாள்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடும், அது அவருடைய அதிர்ஷ்ட எண். 90 க்யாட் தாளைக் கொடுத்து 20 க்யாட்டுக்கு உப்பும் மிளகாயும் வாங்கி மிச்சக் காசைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்கும் ஒழுக்கம் இதுதான்.

சிவில் ஆட்சி நமக்கு வாரி வழங்கியது என்று நான் சொல்லவில்லை. 1948இல் நம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது துப்பாக்கியல்ல, பாராளுமன்றத்தில் எண்ணிய வாக்குகள். ஆனால் பறித்த இடத்திலேயே திருப்பிக் கேட்க முடிந்தது. தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் பேரமும் இருந்ததால் 1988, 2003 சட்டங்கள் வந்தன. 40, 50 வருடம் இழுத்தது, உண்மை. பர்மாவிலிருந்து போனவர்களுக்குக் கேட்பதற்கு ஓர் இடமே இருக்கவில்லை.

இலங்கையில் இராணுவப் புரட்சி நடந்திருக்கிறதா? உயர்தரப் பரீட்சைக்குத் தேவை. (நுவரெலியா)

முயற்சி நடந்தது, மகள். அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். 1962 ஜனவரி 27, சிறிமாவோ அரசுக்கு எதிராக இராணுவ, கடற்படை, பொலிஸ் அதிகாரிகள் திட்டமிட்டார்கள். தொடங்குவதற்கு முன்பே அகப்பட்டார்கள். 24 பேர் மீது வழக்கு, 11 பேருக்குத் தண்டனை. அவர்களுக்கென்றே பின்னால் இயற்றிய சட்டம் செல்லாது என்று 1965 டிசெம்பரில் லண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் (அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றம்) எல்லோரையும் விடுவித்தது.

ஜெனரல் கோட்டாபய ஓடியபோது படைகள் ஏன் ஆட்சியைப் பிடிக்கவில்லை? (பதுளை)

அவர் ஜெனரல் அல்ல. லெப்டினன்ட் கேர்ணலாக ஓய்வு பெற்றவர். எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் தேடிப் பார்க்கக்கூடாதா? ஜெனரலாக இருந்து ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர் பொன்சேகா; 2010இல் 40 வீதம் எடுத்துத் தோற்றார், சில நாளில் கைதானார். உங்கள் கேள்விக்கு: இங்கே தளபதியை நியமிப்பதும் அவருக்குச் சேவை நீடிப்புக் கொடுப்பதும் ஜனாதிபதி. அந்தக் கதிரை காலியானதும் அதை நிரப்ப அரசியலமைப்பில் வழி இருந்தது, 2022 ஜூலையில் பாராளுமன்றம் வாக்களித்து நிரப்பியது. சீருடையைப் பார்க்காதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? நியமனக் கடிதத்தில் யாருடைய கையெழுத்து என்று பாருங்கள்.

சில நாடுகளில் இராணுவத்துக்கு மேல் இன்னொரு படை எதற்கு? (கினிகத்தேனை)

கங்காணியை வேவு பார்க்க இன்னொரு கங்காணியை வைத்த துரைமார் கணக்குத்தான். ஈரானில் புரட்சிக் காவல்படை, சதாமிடம் குடியரசுக் காவல்படை. கணக்குப் பிசகிய இடம் சூடான். அங்கே ஜனாதிபதியாக இருந்த பஷீர் தன் பாதுகாப்புக்காக ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையை வளர்த்தார். 2019இல் இராணுவமும் அதுவும் சேர்ந்து அவரையே இறக்கின. 2023 ஏப்ரலில் இரண்டும் ஒன்றோடொன்று மோதத் தொடங்கி கார்ட்டூமைப் பாழாக்கின. இங்கேயும் அதே கேள்விதான், இரண்டாவது படையின் நியமனங்களில் யாருடைய கையெழுத்து?

மகன் தியத்தலாவையில் பயிற்சி பெறுகிறான். இராணுவ அதிகாரி அரசியல் படிக்கலாமா? (வெலிமடை)

தாராளமாகப் படிக்கட்டும். செய்யாமல் இருந்தால் போதும்.

புரட்சி செய்வது எப்போதும் ஜெனரல்கள்தானா? (மஸ்கெலியா)

இல்லை. ஜெனரலுக்கு வீடு, வாகனம், ஓய்வூதியம் என்று இழக்க நிறைய உண்டு. போர்த்துக்கலில் 1974இல் சர்வாதிகாரத்தை வீழ்த்தியது பெரும்பாலும் கப்டன்கள். லிபியாவில் கடாபி 27 வயதில் வந்தார். தன்னைக் கேர்ணலாக உயர்த்திக்கொண்டு, அந்தப் பதவியோடேயே 42 வருடம் இருந்தார்.