வாசகர் கேள்வி – பதில்: புளியந்தோப்பில் தேவாங்கு, அறிக்கையில் இல்லை

கேள்வி: எங்கள் ஊர்க் காப்புக்காட்டின் ஓரமாகப் புதிய நான்குவழி தேசிய நெடுஞ்சாலை வரவிருக்கிறது. அடுத்த மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையோ, ‘அரிய வனவிலங்குகள் எவையும் காணப்படவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எங்கள் புளியந்தோப்பில் தேவாங்கு இருப்பது ஊருக்கே தெரியும். அறிக்கையை எப்படிச் சரிபார்ப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ‘காணப்படவில்லை’ என்பது உண்மையாகவே இருக்கலாம், எப்போது போய்ப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி. ஆகவே முதலில் கள ஆய்வு நடந்த மாதம், நாட்களின் எண்ணிக்கை, நேரம் ஆகியவற்றை அறிக்கைக்குள் தேடுங்கள். மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் தயாராகும் இத்தகைய அறிக்கைகளுக்கு, மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவே போதுமானதாகப் பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. காற்றின் தூசியை அளப்பதற்கு அது பொருந்தலாம். ஆனால் தவளைகள் குட்டை தேடிக் கூட்டமாகக் கிளம்புவது மழை இரவுகளில்தான். ஆனைமலைச் சாலைகளில் நடந்த ஆய்வுகளும் அவை மிகுதியாக நசுங்கிச் சாவது மழைக்காலத்திலேயே என்று காட்டியிருக்கின்றன. ஏப்ரல் மாதப் பகலில் காட்டோரம் ஜீப்பில் போய் வந்தவர்களின் பட்டியலில் மைனாவும் அணிலும் இருக்கும். இரவில் மட்டும் நடமாடும் தேவாங்கு அதில் எப்படி இடம்பெறும்?

தேவாங்கைப் பதிவுசெய்வது உங்களாலேயே முடியும். இருட்டிய பிறகு, டார்ச்சின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு, உத்தேசச் சாலைத் தடத்தை ஒட்டி மெதுவாக நடந்தால், புளியங்கிளைகளுக்கு நடுவே இரண்டு கனல் துளிகள்போல அதன் கண்கள் மின்னும். கண்ட இடம், தேதி, நேரம், மரம், தடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி, செல்பேசியில் இருப்பிடக் குறியீட்டையும் சேமியுங்கள். வனத்துறைக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, காப்புக்காட்டுக்குள் நுழையாமல் பட்டா நிலத்திலிருந்தே பாருங்கள். தேவாங்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். அதற்கென்றே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இரவு ஆய்வே இல்லாமல் அறிக்கை எழுதியிருந்தால், அதைத்தான் முதல் ஆட்சேபமாக வைக்க வேண்டும்.

அருகில் ஏற்கெனவே ஒரு சாலை இருந்தால், அதில் வண்டியில் அடிபட்டுச் சாகும் உயிர்களையும் கணக்கெடுங்கள். விடியும்போதே நடக்க வேண்டும். காகமும் நாயும் எடுத்ததுபோக, தாரோடு ஒட்டிய தவளை காலை ஒன்பது மணிக்குள் வெறும் கறையாகிவிடும். ஒரே தூரத்தை வாரம்தோறும் நடந்தால்தான் எண்ணிக்கைக்கு மதிப்பு.

அறிக்கைகள் பெரும்பாலும் வெட்டப்படும் மரங்களையும் எடுக்கப்படும் ஹெக்டேர்களையுமே கணக்கிடுகின்றன. சாலையின் மேடு ஓடையின் வரத்தை எங்கே மறிக்கிறது, அந்த மேட்டுக்கு வேண்டிய கிராவல் மண் எந்த ஏரியிலிருந்து, எந்தக் குன்றிலிருந்து வரப்போகிறது என்றும் கேளுங்கள். (என் அனுபவத்தில், இந்தக் கேள்விக்குத்தான் மேடையில் மௌனம் நிலவும்.) காப்புக்காட்டு நிலம் கொஞ்சமேனும் எடுக்கப்படுமானால், 1980ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி தனி அனுமதியும் தேவை. கூட்டத்தில் பேசுவதோடு நிற்காமல், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எழுப்பப்பட்ட ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் விளக்கம் தர வேண்டியது திட்டத்தை முன்வைப்பவரின் கடமை.

கேள்வி: விலங்குகள் கடக்கச் சாலைக்கு அடியில் வழி விட்டால் போதாதா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: சில இடங்களில் அது நன்றாகவே பயன்படுகிறது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய 44ஆம் எண் நெடுஞ்சாலையில், சுமார் 16 கிலோமீட்டருக்குள் ஒன்பது கட்டமைப்புகள் எழுப்பப்பட்டன. அவற்றில் நீளமானது 750 மீட்டர். இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019இல் அவற்றின் அடியில் கேமராக்களைப் பொருத்திக் கண்காணித்தபோது, புலி உட்பட 18 வகைக் காட்டு விலங்குகள் அவ்வழியே கடப்பது பதிவானது.

ஆனால் அவை தரையில் நடக்கும் விலங்குகள். மரக்கிளை வழியே போகும் தேவாங்குக்கு நாற்பது மீட்டர் வெட்டவெளி ஒரு மதில். அடியில் எவ்வளவு அகலமாக வழி விட்டாலும் அதற்குப் பயனில்லை. வால்பாறையின் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலையின் குறுக்கே, மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே சாலை குறுகலானது என்பதையும் மறக்கக் கூடாது. திம்பம் மலைப்பாதையில் கையாண்ட வழியோ வேறு: இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு.

ஆகவே ‘கீழ்ப்பாதைகள் அமைக்கப்படும்’ என்ற பொதுவான வாக்குறுதியை ஏற்க வேண்டாம். எத்தனையாவது கிலோமீட்டரில், எந்த விலங்குக்காக, என்ன உயரத்தில், என்ன அகலத்தில் என்று கேட்டு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.