கதவால் அல்ல, கதவுக்குப் பக்கத்தில்

தம்பி, புதுக்குடியிருப்பிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு மாதமாகியும் ஆங்கிலத்தின் இன், ஆன், அட், பை போன்ற முன்னிடைச்சொற்கள் பிடிபடவில்லை என்றும், தனி அறை எடுப்பதா மாமா வீட்டிலேயே இருப்பதா என்றும் கேட்டிருந்தீர்கள். அறை விடயத்தை மாமாவோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். முன்னிடைச்சொல்லைப் பற்றி மட்டும் நான் விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் அதனால் அடிபட்டவன் நான்.

1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் படித்த நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பட்டியலைப் பாடமாக்கினேன்: இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, பை என்றால் "ஆல்". இங்கே வந்த முதற் பனிக்காலத்தில், நான் வேலை செய்த களஞ்சியத்தின் மேற்பார்வையாளர் பெட்டிகளை "பை த டோர்" வைக்கச் சொன்னார். "கதவால் போ, படலையால் வா" என்று பேசி வளர்ந்த எனக்கு, கதவால் வெளியே கொண்டுபோய் வை என்றே அது விளங்கியது. நாற்பது பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுமந்து வெளியே பனியில் அடுக்கினேன். கதவுக்குப் பக்கத்தில் வை என்பதுதான் அவர் சொன்னது. ஈரம் ஊறிய மட்டைகள் அடிப்பக்கத்தால் பிளந்து சாமான்கள் கொட்டுண்டன. மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். நடந்ததை விளக்கிச் சொல்ல என்னிடம் மொழி இருக்கவில்லை.

எங்கள் "ஆல்" உருபு எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். கத்தியால் வெட்டினேன் என்றால் ஆங்கிலத்தில் வித். வேலையால் வந்தேன் என்றால் ஃப்ரொம். தம்பியால் எழுதப்பட்டது என்றால் மட்டுமே பை. "இல்" உருபும் அப்படித்தான்: பெட்டியில் இன், மேசையில் ஆன், சந்தியில் அட். பொருள் எதற்குள்ளாவது அடங்கியிருந்தால் இன், ஒரு பரப்பைத் தொட்டிருந்தால் ஆன், இடத்தை வெறும் புள்ளியாக நினைத்தால் அட் என்று மனதில் படம் போட்டுப் பாருங்கள். காலத்துக்கும் ஏறக்குறைய இதே ஒழுங்குதான்: யூலை மாதத்துக்கு இன், திங்கட்கிழமைக்கு ஆன், ஐந்து மணிக்கு அட்.

வாகனங்களில் பலரும் தடுமாறுவார்கள். எழுந்து நின்று நடக்கக்கூடிய பஸ், ரயில், விமானம் எல்லாம் ஆன். குனிந்து ஏறி அடங்கி உட்காரும் கார் இன். நாங்கள் இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரத்தை ஓட்டிய சித்தப்பா ஆன். பின்னால் பெட்டிக்குள் நெல்மூட்டைகளுக்கு இடையில் தங்கச்சியை மடியில் வைத்திருந்த அம்மா இன். எனக்கு இந்த வேறுபாடு அந்தக் காட்சியோடுதான் பதிந்தது.

வினைச்சொற்களுக்கு இந்தப் படம் உதவாது. வெயிட் ஃபோர், லிசன் டு, டிபென்ட் ஆன் என்று சோடியாகவே பாடமாக்குங்கள். "அவரோடு கலியாணம்" என்ற எங்கள் வழக்கால் மரீட் வித் என்று வந்துவிடும். மரீட் டு என்பதே சரி. டிஸ்கஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் அபவுட் வரவே கூடாது. முப்பது வருடம் இங்கே வாழ்ந்தும் அதைத் திருத்திக்கொள்ளாத எங்கள் ஆட்கள், "விளங்கினால் போதும், இலக்கணம் என்னத்துக்கு" என்று புதிதாக வருபவர்களுக்குப் புத்தி சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். விளங்காமல் போனதால்தானே என் வேலை போனது. அதன் பிறகு பஸ்ஸில் கேட்ட வசனங்களை முழுதாக ஒரு கொப்பியில் எழுதி, இரவில் வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். இன்று இன்னொரு களஞ்சியத்தில் வேலைமுறை அறிக்கைகளை எழுதுபவன் நானே.

உங்களுக்கு வந்த அலுவலகக் கடிதத்தில் திகதிக்கு முன்னால் பை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் "வெள்ளி மட்டும் நிற்பேன்" என்று சொல்வது அன்டில். "வெள்ளிக்குள் தருவேன்" என்பது பை. ஆகவே 15 ஆம் திகதிக்குள் உங்கள் படிவம் அவர்களுடைய கையில் இருக்க வேண்டும். அன்றுதான் தபாலில் போடலாம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள். நாளைக்கே நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.