கவிஞர் பிறந்த வீட்ல மதுக்கடையா?

கேள்வி: ஸ்காட்லாந்துல ஏர் நகரத்துல, அலோவேங்கிற இடத்துல கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த கூரை வீடு இருக்குல்ல, அது ரொம்ப காலம் மதுக்கடையா இருந்துச்சாமே, நெஜமா சார்? அவ்ளோ பெரிய கவிஞர் வீட்ட இப்படியா வைப்பாங்க?

பதில்: நெஜம்தாங்க, ஆனா எனக்கு அதுல கோவமே வரல. அந்த வீட்ட கட்டினது அவரோட அப்பா வில்லியம், தோட்ட வேலை பாத்தவரு, 1757ல தன் கையாலயே மண் சுவர் எழுப்பி கூரை வேய்ஞ்சாரு, ஒரே கூரைக்குக் கீழ இந்தப் பக்கம் குடும்பம் அந்தப் பக்கம் மாடு. 1759 ஜனவரி 25ல ராபர்ட் பிறந்தாரு, கொஞ்ச நாள்லயே புயல்ல சுவர் ஒரு பக்கம் இடிஞ்சு விழுந்து, கைக்குழந்தையத் தூக்கிட்டு அம்மா பக்கத்து வீட்ல போய் தங்க வேண்டியதாயிடுச்சு. 1766ல எல்லாரும் வேற பண்ணைக்குப் போயிட்டாங்க.

1781ல ஏர் நகரத்து ஷூ தைக்கிறவங்க சங்கம் அத 160 பவுண்டுக்கு வாங்குச்சு, அப்புறம் அது மதுக்கடை ஆச்சு. இங்கதான் ஒண்ணு கவனிக்கணும், பர்ன்ஸோட முதல் புத்தகமே 1786லதான் வந்துச்சு! அதனால அவங்க வாங்கினது கவிஞர் வீட்ட இல்ல, ஒரு விவசாயி வீட்டத்தான், அவங்க மேல பழி போடுறது நியாயமே இல்ல. அவரு பேர் பரவின பிறகு ஜனங்க தேடி வந்தாங்க, வந்தவங்க ஒரு கிளாஸ் விஸ்கியும் குடிச்சாங்க. 1818ல கவிஞர் கீட்ஸ் வந்தப்ப அங்க இருந்த ஆள் பர்ன்ஸ் கதையா பேசிப் பேசி அவர ரொம்ப எரிச்சல் படுத்திட்டாரு, அத அவரே கடிதத்துல கொட்டித் தீர்த்திருக்காரு பாவம். ஆனா கூரை வீட்ட ஆளில்லாம விட்டா மழைத்தண்ணி உள்ள இறங்கி மண் சுவரே கரைஞ்சிடும், அப்பப்ப புதுசா வேயணும், அதுக்கு காசு வேணும். வியாபாரம் நடந்ததாலதான் அந்த வீடு பிழைச்சதுன்னு நான் நம்புறேன்.

1881ல பர்ன்ஸ் நினைவுச்சின்னத்த பாத்துக்கிட்ட அறங்காவலர்கள் 4000 பவுண்டு குடுத்து வாங்கி, மது விக்கிறத நிறுத்திட்டு மியூசியம் ஆக்கினாங்க. 1914 ஜூலைல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின ரெண்டு பேர் ராத்திரில குண்டு வைக்க வந்தாங்க, காவலாளி பாத்துட்டதால வீடு தப்பிச்சுது. இப்ப ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பாத்துக்குது, 2010ல பக்கத்துலயே பெரிய மியூசியமும் திறந்தாச்சு. எப்பவாவது போனீங்கன்னா பர்ன்ஸ் பிறந்த கட்டிலோட நிறுத்தாம அந்த மாட்டுத்தொழுவத்தையும் பாருங்க, மதுக்கடை காலத்தப் பத்தியும் கேளுங்க.